மூன்று மாதத்தில் 15 கிலோ: ஓர் ஆசிரியையின் கடிதத்துக்கு வைத்தியரின் பதில்

ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலை. அங்கே ஐந்தாம் தரத்துக்குப் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விபரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

வயது 39. உயரம் 154 சென்ரிமீற்றர், எடை 71 கிலோ, இடுப்புச் சுற்றளவு 94 சென்ரிமீற்றர். இரண்டு பிள்ளைகள். கணவருக்குக் கொழும்பில் கடை வேலை, மாதம் ஒருமுறை வருவார். அம்மா கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். நீரிழிவால் போன வருடம் அவருக்குக் கால்விரல் ஒன்றை எடுக்க வேண்டி வந்தது. அந்தப் பயத்தில் இவரும் இரத்தம் சோதித்துப் பார்த்தார். வெறும் வயிற்றில் சீனி 112, பிரஷர் 134/86.

அன்றிரவே கொப்பியை எடுத்து ஐந்து இலக்குகள் எழுதியிருக்கிறார். தை மாதம் தம்பியின் கல்யாணத்துக்குள் 15 கிலோ குறைப்பது. காலை நாலரைக்கு எழும்பி ஒரு மணித்தியாலம் நடப்பது. தம்பி கட்டாரில் இருந்து அனுப்பிய கைக்கடிகாரத்தில் தினமும் 10,000 அடி காட்டுவது. சோற்றை அடியோடு நிறுத்துவது. காலைச் சாப்பாட்டுக்குப் பதிலாக, தெரிந்தவர் ஒருவர் விற்ற "மெலியும் பவுடர்" குடிப்பது. ஒன்பது நாள் எல்லாம் நடந்தது. பத்தாம் நாள் விடிய விடிய மழை, மகளுக்குக் காய்ச்சல், பின்னேரம் புலமைப்பரிசில் வகுப்பு. அதோடு நின்றது. இப்படி நிற்பது இது மூன்றாவது தடவையாம்.

கடிதத்தின் கடைசியில் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: "டொக்டர், அம்மா நாப்பது வருஷம் மலை ஏறி இறங்குனவங்க. அவங்களுக்கே சீனி வந்திருச்சின்னா நான் நடந்து என்ன பிரயோசனம்? எனக்கு மனஉறுதி இல்லையா, இல்ல இது எங்க ரத்தத்துல எழுதி வச்சதா?"

டீச்சர், மனஉறுதியைப் பற்றிய கவலையை முதலில் விடுங்கள். லயத்துக் காம்பராவில் படித்து ஆசிரியராகி, கணவர் பக்கத்தில் இல்லாமல் இரண்டு பிள்ளைகளையும் நோயாளித் தாயையும் பார்த்துக்கொண்டு, அதற்கு மேல் பின்னேர வகுப்பும் நடத்துகிற ஒருவருக்கு மனஉறுதி இல்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். பிழை கொப்பியில் இருக்கிறது. அந்த ஐந்து இலக்குகளும் மழை பெய்யாத, பிள்ளைக்குக் காய்ச்சல் வராத, இரவு நன்றாகத் தூங்கிய ஒரு நாளுக்காக எழுதப்பட்டவை. அப்படிப்பட்ட நாள் உங்களுக்கு மாதத்தில் எத்தனை வரும்? உங்கள் மிக மோசமான கிழமையை நினைத்துக்கொண்டு இலக்கு எழுதுங்கள். அந்தக் கிழமையிலும் செய்யக்கூடியது எதுவோ, அதுதான் இலக்கு. நல்ல கிழமையில் அதைவிடக் கூடச் செய்தால் அது இலாபம்.

எழுத முன்னர் சோதிக்க வேண்டியவை

112 என்பது நீரிழிவு அல்ல. வெறும் வயிற்றில் 100க்குக் கீழே இருந்தால் சாதாரணம், 126ம் அதற்கு மேலும் இன்னொரு நாளிலும் வந்தால் நீரிழிவு. இடையில் இருப்பதை முன்நீரிழிவு என்கிறோம். நீங்கள் அங்கே நிற்கிறீர்கள், அதுவும் ஒரே ஒரு சோதனையை வைத்து. பிரஷரும் அப்படித்தான். 140/90 என்ற கோட்டைத் தாண்டவில்லை, ஆனால் கவனிக்க வேண்டிய இடம். வெவ்வேறு நாட்களில், ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பின் அளந்து பாருங்கள். பேருந்தில் இருந்து இறங்கி ஏற்றம் ஏறிப்போய் உடனே அளந்தால் அது பிரஷரின் கணக்கல்ல, ஏற்றத்தின் கணக்கு.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறு ஒரு வரி. தோட்டத்தின் மேல் பிரிவான மேல்கணக்குக்கு ஏறும்போது மூச்சு வாங்குகிறது, பின்னேரமானால் கால் கை ஓய்ந்துவிடுகிறது, "எல்லாம் இந்த எடையால்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பக்கம் தள்ளி, மாதவிடாய் ஏழு எட்டு நாள் நீடித்து, இரத்தமும் கூடுதலாகப் போகிறது என்றும் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். இந்த இரண்டையும் நீங்கள் சேர்த்துப் பார்க்கவில்லை. எனக்கு முதலில் தோன்றுவது இரத்தச்சோகை. மலையகத்துப் பெண்களிடம் இதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பழக்கம். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருக்கும்போது மலையேற்றப் பயிற்சி தொடங்கினால் நீங்கள் களைத்துத்தான் போவீர்கள். போய், "என்னால் முடியாது" என்று உங்களையே திட்டிக்கொள்வீர்கள்.

ஆகவே முழு இரத்தப் பரிசோதனை, முடிந்தால் உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைரொய்டுக்கு டி.எஸ்.எச். ஆகியவற்றைச் செய்யுங்கள். மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. சோதனைக்கு இப்போதே அவசரப்பட வேண்டாம். இரும்புச்சத்துக் குறைபாடு இருந்தால் அது உண்மையைவிடக் கூட்டிக் காட்டலாம், வீணாகப் பயப்படுவீர்கள். மாதவிடாய்க் கூடுதலுக்குக் காரணம் என்ன என்பதையும் பார்க்க வேண்டும். மாத்திரை மட்டும் வாங்கிக் குடித்துவிட்டு அதை விட்டுவிடாதீர்கள்.

இதற்கெல்லாம் தனியார் ஆய்வுகூடத்தில் காசைக் கொட்டத் தேவையில்லை. அரசாங்க வைத்தியசாலைகளில் நடக்கும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு எடை, இடுப்பு, பிரஷர், சீனி எல்லாவற்றையும் இலவசமாகப் பார்த்து, இருதய நோய் வரக்கூடிய சாத்தியத்தையும் கணக்கிட்டுச் சொல்வார்கள். சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகம் நடத்தும் வெல் வுமன் கிளினிக்கும் உங்களுக்குப் பொருந்தும். "நோய் வந்தவர்கள் போகிற இடம்" என்று நினைத்து நம் ஆட்கள் அந்தப் பக்கம் போவதில்லை. நோய் வராதவர்களுக்காகத்தான் அதைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

15 கிலோ எங்கிருந்து வந்தது?

உங்கள் உயரத்துக்கும் எடைக்கும் உடல் நிறைச் சுட்டெண் கிட்டத்தட்ட 30 வருகிறது. நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு 23க்கு மேலேயே ஆபத்து ஏறத் தொடங்குகிறது, 27.5க்கு மேல் அது அதிகம். இடுப்பு, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்குள் இருப்பது நல்லது. ஆகவே எடை குறைய வேண்டும் என்பதில் நமக்குள் சச்சரவு இல்லை. ஆனால் மூன்று மாதத்தில் 15 கிலோ என்றால் கிழமைக்கு ஒரு கிலோவுக்கு மேல். அந்த வேகத்தில் மெலியும்போது கொழுப்போடு தசையும் கரையும், பித்தப்பையில் கல் உண்டாகும் வாய்ப்பும் கூடும். கல்யாண அல்பத்தில் மெலிந்து தெரிவீர்கள். வெசாக்குக்குள் பழைய எடைக்குத் திரும்பிவிடுவீர்கள்.

2002இல் முடிவு வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வு ஒன்று இருக்கிறது. உங்களைப் போல நீரிழிவின் வாசலில் நின்ற 3,234 பேரை வைத்துச் செய்தது. வாழ்க்கைமுறை மாற்றக் குழுவுக்கு அவர்கள் கொடுத்த இலக்கு இரண்டுதான்: எடையில் 7 சதவீதம் குறைப்பது, கிழமைக்கு 150 நிமிடம் நடப்பது போன்ற உடலசைவு. அந்தக் குழுவில் நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. உங்கள் 71 கிலோவில் 7 சதவீதம் என்பது 5 கிலோ. பதினைந்தில் மூன்றில் ஒரு பங்கு. அதையும் ஆறு மாதத்தில் செய்தால் போதும்.

எனக்கு இன்னும் பிடித்தது சென்னையில் நடந்த ஆய்வு, 2006இல் வெளியானது. 531 பேர், எல்லாரும் முன்நீரிழிவுக்காரர்கள். நடையும் உணவு மாற்றமும் மேற்கொண்ட குழுவில் நீரிழிவு வருவது 28.5 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவே இல்லை. தராசு முள் அசையாத மாதங்களிலும் உடம்புக்குள் வேலை நடக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

அதனால்தான் கிலோவை இலக்காக எழுத வேண்டாம் என்கிறேன். நாளைக்குக் காலையில் எழும்பி "ஒரு கிலோ குறைதல்" என்ற வேலையை யாரும் செய்ய முடியாது. கோவிலடியில் ஆட்டோவை விட்டு இறங்கி நடக்க முடியும், கோப்பையில் அரைத் தேக்கரண்டி சீனி குறைக்க முடியும். கொப்பியில் எழுத வேண்டியவை இவைதான். எடையைக் கிழமைக்கு ஒருமுறை, ஒரே நாளில், ஒரே தராசில் பார்த்துக் குறித்து வையுங்கள். தினமும் ஏறி இறங்காதீர்கள். தண்ணீரும் மாதவிடாயும் சேர்ந்து ஒரு கிலோவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டும்.

இப்போது அம்மாவைப் பற்றிய கேள்வி. கடிதத்திலேயே பாரமான கேள்வி அதுதான். நாற்பது வருடம் உழைத்த உடம்புக்கு எப்படிச் சீனி வந்தது? ஒரு காரணத்தைச் சொல்லி முடிக்க முடியாது. பரம்பரை ஒன்று. எடை குறைவாகப் பிறந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்புக் கூடுதல் என்பது இன்னொன்று. அம்மாவின் காலத்துத் தோட்டங்களில் குழந்தைகள் எந்த எடையில் பிறந்தன என்பது நமக்குத் தெரியும். மூன்று வேளையில் இரண்டு வேளை கோதுமை மா ரொட்டி, களைப்புத் தீரச் சீனி போட்ட தேத்தண்ணி. அப்புறம் அந்த உழைப்பின் தன்மை: முதுகில் பாரம், குனிந்த கழுத்து, கிலோக் கணக்குச் சரிவருமா என்ற பதற்றம், உடம்பு கெஞ்சும்போது உட்கார முடியாமை. வேலைத்தலத்தில் இப்படிச் சுமந்து உழைப்பது, விரும்பிச் செய்யும் உடற்பயிற்சி கொடுக்கும் அதே பலனை இருதயத்துக்குக் கொடுப்பதில்லை என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஏன் என்பதில் இன்னும் விவாதம் இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு அந்த அசைவும் நின்றுபோயிருக்கும். அம்மா நடந்தும் சீனி வந்தது என்பதால் நீங்கள் நடந்து பயனில்லை என்று ஆகிவிடாது. அம்மாவுக்கு 39 வயதில் யாரும் இரத்தம் சோதித்து, "நீங்கள் இந்த இடத்தில் நிற்கிறீர்கள்" என்று சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

நாலரை மணி நடை வேண்டாம்

இரவு பதினொன்றரைக்குப் படுத்து நாலரைக்கு எழும்பினால் தூக்கம் ஐந்து மணித்தியாலம். தூக்கம் குறைந்தால் பசி கூடும், அதுவும் இனிப்புக்கும் மாச்சாப்பாட்டுக்குமான பசி. நடந்து சம்பாதித்ததை இன்டர்வலில் பணிஸ் வாங்கிச் செலவழித்துவிடுவீர்கள். அது போக, அந்த இருட்டில் தேயிலை மலை ஓரம் தனியே நடப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நாய், வழுக்கல், நோர்வூட் மஸ்கெலியாப் பக்கமெல்லாம் சிறுத்தை நடமாட்டம் வேறு. உடற்பயிற்சி பற்றி நாம் வாசிக்கும் அறிவுரைகளில் பாதி சமதரைப் பட்டணங்களுக்காக எழுதப்பட்டவை, அவற்றைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தால் இப்படித்தான் முட்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் புதுப்பித்த வழிகாட்டலில் பெரியவர்களுக்குச் சொல்லியிருப்பது, கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலசைவு, அதோடு இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சி. ஒரே மூச்சில் இத்தனை நிமிடம் என்ற பழைய நிபந்தனையை அதில் எடுத்துவிட்டார்கள். ஐந்தும் பத்துமாகச் சேர்த்தாலும் கணக்குத்தான். மிதம் என்றால் பேசிக்கொண்டு போக முடியும், பாட்டுப் பாட முடியாது. நம் ஏற்றங்களில் அந்த அளவு வெகு சீக்கிரம் வந்துவிடும்.

10,000 அடியை மறந்துவிடுங்கள். 1965இல் ஜப்பானில் ஓர் அடி எண்ணும் கருவியை விற்க வைத்த பெயரில் இருந்து வந்த எண் அது, எந்த வைத்தியரும் எழுதிக் கொடுத்ததல்ல. அமெரிக்காவில் வயதான பெண்களை வைத்துச் செய்து 2019இல் வெளியான ஆய்வில், நாளுக்கு 4,400 அடி அளவிலேயே மரண ஆபத்துக் குறையத் தொடங்கி, 7,500 அடிக்குப் பிறகு மேலதிகப் பலன் தெரியவில்லை. அதோடு உங்கள் கைக்கடிகாரம் ஹட்டன் பஸார் வீதியில் வைக்கும் அடியையும் மேல்கணக்கு ஏற்றத்தில் வைக்கும் அடியையும் ஒன்றாகத்தான் எண்ணுகிறது. உங்கள் நெஞ்சுக்கு அந்த இரண்டும் ஒன்றல்ல.

பாடசாலை ஒன்றரைக்கு விடுகிறது, ஆட்டோவில் வீட்டுக்குப் போகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். மாரியம்மன் கோவிலடியில் இறங்கினால் வீட்டுக்கு இருபது நிமிட நடை என்றும் நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். இலக்கை இப்படி எழுதுங்கள்: "திங்கள், புதன், வெள்ளி பாடசாலை விட்டதும் கோவிலடியில் இறங்கி நடப்பேன். மழை பெய்தால், அன்று வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியதும் கதிரையில் இருந்து எழும்பி உட்காரும் பயிற்சி பத்துத் தடவை செய்வேன்." எந்த நாள், எந்த இடம், எதற்குப் பிறகு, தடங்கல் வந்தால் என்ன என்ற நான்கும் அதில் இருக்கின்றன. "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிவெடுத்து வைப்பவர்கள் வெறுமனே ஆசைப்படுபவர்களைவிடக் கூடுதலாகச் செய்து முடிக்கிறார்கள் என்று உளவியலாளர்கள் பலமுறை சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஐப்பசி கார்த்திகையில் நம் பக்கம் மழை பெரும்பாலும் பின்னேரம்தான் இடியோடு வரும். அந்த மாதங்களில் நடையைக் காலைப் பக்கம் மாற்றி, போகும்போது பத்து நிமிடம் முன்னதாக இறங்கிக்கொள்ளுங்கள். ஆனி ஆடியில் நாள் முழுக்கத் தூறும், அப்போது பாடசாலை வராந்தாதான் கதி. அதிலொன்றும் வெட்கமில்லை.

வெட்கம் என்றதும் ஞாபகம் வருகிறது. சேலையோடு சப்பாத்துப் போட்டு நடந்தால், "டீச்சர், ஆடு காணாமப் போச்சா?" என்று கேட்பார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கேட்பார்கள்தான். ஒரு மாதம் கேட்பார்கள், பிறகு அலுத்துவிடும். அதற்குள் உங்கள் சக ஆசிரியை ஒருவரைச் சேர்த்துக்கொள்ள முடிந்தால் கேலி பாதியாகும். இரண்டு பேர் போனால் அது நடை, ஒருவர் போனால்தான் வேடிக்கை. சப்பாத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ரப்பர் செருப்பில் ஈரப் பாதையில் இறங்குவது முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நல்லதல்ல.

முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஏறும்போது வலிக்கவில்லை, இறங்கும்போது வலிக்கிறது என்றால் வியப்பில்லை. இறக்கத்தில் ஒவ்வோர் அடியிலும் தொடைத்தசை உடம்பைப் பிரேக் பிடிக்கிறது, அந்தத் தசை பலவீனமாக இருந்தால் பாரமெல்லாம் மூட்டில் விழும். கதிரையில் இருந்து கை ஊன்றாமல் மெதுவாக எழும்பி, மெதுவாக உட்காருவது அந்தத் தசைக்கான நல்ல பயிற்சி. பத்துத் தடவை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி பத்து. கிழமைக்கு இரண்டு மூன்று நாள். சுவரில் கைவைத்துத் தள்ளும் பயிற்சியும் சேர்த்தால் மேலுடம்புக்கும் ஆயிற்று. மூட்டு வீங்கினாலோ, பூட்டிக்கொண்டாலோ, இரவில் வலித்து எழுப்பினாலோ பயிற்சியை நிறுத்திக் காட்டுங்கள்.

சோற்றை விடுங்கள், தேத்தண்ணியைப் பாருங்கள்

சோற்றை நிறுத்திவிட்டு இரவில் மூன்று ரொட்டி சாப்பிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். தோட்டங்களில் இது பலர் செய்வது. வெள்ளைக் கோதுமை மா சீனியை ஏற்றும் விதத்தில் சோற்றுக்கு ஒன்றும் சளைத்ததில்லை, மேலே தேங்காய்ப்பூவும் சேர்கிறது. மத்தியானம் சோறு சாப்பிடுங்கள். பீங்கானில் பாதி மரக்கறி, கால்வாசி சோறு, கால்வாசி பருப்பு, கடலை, முட்டை, மீன் என்று ஏதாவது. லீக்ஸும் கோவாவும் போஞ்சியும் கரட்டும் விளையும் மண்ணில் இருந்துகொண்டு மரக்கறியை ஊறுகாய் அளவுக்குத் தொட்டுக்கொள்வது எனக்கு எப்போதும் விளங்காத விஷயம். விலைதான் காரணம் என்பீர்கள், சில மாதங்களில் அது உண்மைதான். இரவு ரொட்டியை இரண்டாக்கி, பக்கத்தில் ஒரு பருப்புக்கறியோ கீரைச் சுண்டலோ வையுங்கள். குரக்கன் மா கிடைத்தால் பாதிக்குப் பாதி கலக்கலாம்.

பெரிய வேலை கோப்பையில் இருக்கிறது. நாளுக்கு ஆறு தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேக்கரண்டி. தேக்கரண்டி 5 கிராம் என்று வைத்தால் 60 கிராம் சீனி, 240 கலோரி. மாதத்துக்கு 1.8 கிலோ சீனி, நீங்கள் ஒருவர் மட்டும். சேர்க்கும் சீனியை நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் வைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஒரே நாளில் நிறுத்தாதீர்கள், தலையிடித்து மறுபடி தொடங்குவீர்கள். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை கோப்பைக்கு அரைத் தேக்கரண்டி குறைத்துக்கொண்டு வாருங்கள். நாக்கு பழகிவிடும். தேத்தண்ணியைச் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் குடியுங்கள். தேயிலை, உணவில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதைத் தடுக்கும். இரும்பு மாத்திரைக்கும் இதே விதி.

கணவர் வரும்போது வாங்கிவரும் சோடாப் போத்தல்களைப் பற்றிச் சண்டை போட வேண்டாம். போத்தலில் இருக்கும் நிறக் குறியைப் பிள்ளைகளிடம் பார்க்கச் சொல்லுங்கள். 2016இல் இருந்து நம் நாட்டில் அது கட்டாயம். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. ஐந்தாம் தரத்துப் பிள்ளையிடம் அந்தக் கணக்கைச் செய்யக் கொடுத்தால் அப்பா தானாகவே வேறு ஏதாவது வாங்கிவருவார்.

அந்தப் பவுடர்

குடித்த நாட்களில் நெஞ்சு படபடத்தது, தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றோடு நிறுத்துங்கள். "மூலிகைதானே" என்ற சமாதானம் வேண்டாம். மெலிவதற்கென்று பதிவில்லாமல் விற்கப்படும் பொருட்களில், இருதயத்துக்கு ஆபத்து என்று 2010இல் பல நாடுகள் சந்தையில் இருந்து விலக்கிய சிபுற்றமின் என்ற மருந்தைக் கலந்திருந்ததை வெளிநாட்டு ஒழுங்குபடுத்தும் நிறுவனங்கள் திரும்பத் திரும்பப் பிடித்திருக்கின்றன. உங்கள் பவுடரில் என்ன இருக்கிறது என்று சோதிக்காமல் நான் சொல்ல முடியாது. படபடப்பு வந்தது என்பதே நிறுத்தப் போதுமான காரணம். படபடப்பு நிற்காவிட்டால் ஓர் ஈ.சி.ஜி. எடுத்துப் பாருங்கள்.

மீதிப் பவுடரை வீசிவிடாதீர்கள். டப்பா, லேபல், காசு கொடுத்ததற்கு ஏதாவது சான்று இருந்தால் அதையும் வைத்துக்கொண்டு உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுக்கலாம். நுகர்வோர் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கும் முறையிடலாம். விற்றவர் தெரிந்தவர், குடும்பத்துக்குள் மனக்கசப்பு வரும் என்று தயங்குகிறீர்கள். அது உங்கள் முடிவு. ஆனால் அதே பவுடரை அவர் உங்கள் பாடசாலையில் இன்னும் இரண்டு பேருக்கு விற்றிருக்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முறையிடாவிட்டாலும் அந்த இருவரிடமாவது உங்களுக்கு வந்த படபடப்பைப் பற்றிச் சொல்லுங்கள்.

இவ்வளவும் சொன்னதில் எதை முதலில் தொடங்குவது? இரத்தச் சோதனை. அது முடிந்ததும் கோவிலடி நடையும் கோப்பைச் சீனியும், இரண்டே இரண்டு. மூன்றாவதை ஒரு மாதம் கழித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பழக்கம் தானாக வருவதற்கு 21 நாள் போதும் என்று எங்கேயோ வாசித்திருக்கிறீர்கள். இலண்டனில் இதை அளந்து பார்த்தவர்களுக்குச் சராசரியாக 66 நாள் வந்தது. சிலருக்கு 18 நாளில் வந்தது, சிலருக்கு 254 நாள் வரை போகும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் தவறியதால் எதுவும் கெட்டுப்போகவில்லை என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. உங்கள் பத்தாம் நாளில் நடந்தது அந்த ஒரு நாள்தான். பதினோராம் நாள் நடக்காமல் போனதற்குக் காரணம் மழையல்ல, "எல்லாம் போச்சு" என்ற எண்ணம். கலண்டரில் நடந்த நாளுக்கு ஒரு சரி போடுங்கள், நடக்காத நாளை வெறுமையாக விடுங்கள். பிழை போடாதீர்கள். கொப்பி திருத்துகிறவர்களுக்கு அது கஷ்டம்தான்.

கடைசியாக, தைப் போயாவுக்குப் பிள்ளைகளோடு சிவனொளிபாதமலை போகலாம் என்று கணவர் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். பருவகாலம் மார்கழிப் போயாவில் தொடங்கி வெசாக் வரை இருக்கிறது, ஆகவே தையிலேயே போக வேண்டும் என்று கட்டாயமில்லை. 2,243 மீற்றர் உயரம், நல்லதண்ணிப் பக்கத்தில் இருந்து ஏறினால் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள், அவை அத்தனையையும் மறுபடி இறங்கவும் வேண்டும். பங்குனியில், போயா நெரிசல் இல்லாத ஒரு கிழமை நாளாகப் பாருங்கள். அதற்குள் ஹீமோகுளோபின் சரியாகியிருக்க வேண்டும், மேல்கணக்கு ஏற்றத்தை நிற்காமல் பேசிக்கொண்டே ஏற முடிய வேண்டும், கதிரைப் பயிற்சி முழங்கால் வலியில்லாமல் முப்பது தடவை வர வேண்டும். மூன்றும் வந்தால் போங்கள். வராவிட்டால் அடுத்த பருவம். ஏறும்போது நெஞ்சு இறுக்கம், தலைச்சுற்றல், ஓய்ந்தும் அடங்காத மூச்சிரைப்பு எது வந்தாலும் அந்த இடத்திலேயே உட்கார்ந்து ஆட்களைக் கூப்பிடுங்கள். 1990 அம்பியுலன்ஸ் சேவை இலவசம், அந்த இலக்கம் கணவரின் போனிலும் இருக்கட்டும்.